என்ன ஷிஃப்ட் என்று கேட்ட குரல்

ஓசூருக்கு நாங்கள் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, என்ன ஆட்கள் என்று சுற்றி வளைத்தும் கேட்கவில்லை. மாடிப்படியில் பார்த்ததும், உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஷிஃப்ட் என்றுதான் கேட்டாள். எங்கள் ஊர்ப் பக்கம், சாத்தூருக்குத் தெற்கே, அடுத்தவள் புருஷன் எப்போது வருவான் எப்போது போவான் என்று கேட்டால் சண்டை வந்துவிடும். நானும் முறைத்துக்கொண்டேதான் பதில் சொன்னேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவள் வீட்டு மிக்ஸி எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிற மனிதரை எழுப்பிவிடக் கூடாதே என்று, சட்னி அரைக்கிற நேரத்தை மாற்றிக்கொள்வதற்காகக் கேட்டிருக்கிறாள்.

இந்தப் பக்கத்து மரியாதை அது. எந்த வீட்டிலும் பட்டப்பகலில் யாராவது ஒருவர் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். கதவைத் தட்டும் முன் ஷிஃப்ட் கேட்க வேண்டும், சுவரில் ஆணி அடிக்கும் முன் கேட்க வேண்டும், கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டுதான் வருவார்கள். ராயக்கோட்டைத் தக்காளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு மைக்கில் கூவி வருகிறவர், எங்கள் தெருமுனை திரும்பியதும் மைக்கை அணைத்துவிட்டு வாயால் கூப்பிடுவார். தமிழ் பேசுகிற வீடு, தெலுங்கு பேசுகிற வீடு, கன்னடம் பேசுகிற வீடு என்று தெருவில் எல்லாம் கலந்துதான் இருக்கிறது. இந்தக் கேள்வி மட்டும் எல்லா வீட்டுக்கும் பொது.

என் மகள் இதைப் பேச்சு வந்த நாளிலேயே கற்றுக்கொண்டாள். விளையாடக் கூப்பிட வரும் பிள்ளைகளிடம் வாயில் விரலை வைத்து, "அப்பா நைட்டு" என்பாள். அவர்களும் பூனை மாதிரி படி இறங்கிப் போவார்கள். ஊரிலிருந்து வந்த என் நாத்தனார் இதைப் பார்த்து அசந்துபோய், கிளம்புகிற அன்று பிள்ளைக்குச் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. யார் என்ன ஷிஃப்ட் என்று கேட்டாலும் சரியாகச் சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் நம் வீட்டில் தூங்குகிறவரைத்தான் யாராவது எழுப்பிவிடுவார்கள் என்று நானே சொல்லிக்கொடுத்தேன். இந்தத் தெருவில் எல்லா அம்மாக்களும் சொல்லிக்கொடுப்பதுதான்.

செல்போனுக்கு உள்ளே போகிற சின்னச் சின்னச் சாமான்களைப் பொருத்துகிற கம்பெனியில் எனக்கு வேலை. நாள் முழுக்க ஃபோனோடுதான் மல்லுக்கட்டுகிறேன், ஆனால் என் ஃபோனை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. உடை மாற்றும் அறையில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, தொப்பியும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு உள்ளே போனால், ஷிஃப்ட் முடிந்துதான் அதன் முகத்தில் விழிக்கலாம். இடையில் வீட்டில் இடி விழுந்தாலும் சூப்பர்வைசர் வந்து சொன்னால்தான் உண்டு. வீட்டுக்காரருக்குச் சூளகிரிப் பக்கம் ஒரு வார்ப்படக் கம்பெனி. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, அலையாய் அலைந்து பகலில் மட்டும் வேலை இருக்கிற ஜெனரல் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டார்.

எனக்கு ஒரு வாரம் ஏ, ஒரு வாரம் பி என்று மாறி மாறி வரும். ஏ ஷிஃப்ட்டில் தொல்லை இல்லை, அவள் வருவதற்குள் நான் வந்துவிடுவேன். பி ஷிஃப்ட் வாரத்தில்தான் சிக்கல். மதியம் போனால் நான் திரும்ப ராத்திரி ஆகிவிடும். நாலரைக்கு ஸ்கூல் வேன் அவளை இறக்கிவிடும். அவர் கம்பெனி பஸ் வந்து சேர ஏழு, ஏழரை ஆகும். அதுவரைக்கும் அவள் தனியாகத்தான் இருந்தாக வேண்டும். கீழே எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா இருக்கிறார், தெலுங்குக்காரர், தங்கமான மனுஷி. ஆனால் அவருக்குக் குருபரப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது. பாதி நாள் அங்கேதான் இருப்பார்.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வீட்டுக்காரரின் பழைய ஃபோனை மகளிடம் கொடுத்திருந்தோம். அதில்தான் அந்த விளையாட்டு வந்து சேர்ந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் விளையாடுகிறார்களாம். நாலு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஏதோ தீவில் வீடு கட்டுவது, அடுத்த அணி வந்து இடிப்பது, மறுபடி கட்டுவது. கட்டுகிற நேரமெல்லாம் மைக்கில் பேச்சு. கல்லைக் கொண்டா, கதவைச் சாத்து, அந்தப் பக்கம் ஆள் வருது பார் என்று ஒரே கூச்சல். கேட்கும்போது எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. ஆளில்லாத வீட்டில் பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளே என்ற நினைப்பு இல்லாமல் வேலை பார்க்க முடிந்தது. மைக் இருக்கிற வரைக்கும் அவள் தனியாக இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு விட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நானும் அவரும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள், எதைத் தொடுவதற்கு முன்னாலும் பாதுகாப்பு விதி சொல்லிக் கேட்டுப் பழகினவர்கள். பெயரைச் சொல்லக் கூடாது, பள்ளிக்கூடம் எதுவென்று சொல்லக் கூடாது, தெருவைச் சொல்லக் கூடாது, போட்டோ அனுப்பக் கூடாது, யாராவது அசிங்கமாகப் பேசினால் உடனே எங்களிடம் சொல்ல வேண்டும். இத்தனையும் சொல்லித்தான் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெட்செட் போடக் கூடாது, ஹாலில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் விளையாட வேண்டும் என்றும் ஒரு சட்டம். அவள் எல்லாவற்றையும் அப்படியே கேட்டாள். சொன்ன எதையும் அவள் மீறவில்லை.

அணியில் என் மகளோடு சேர்த்து மூன்று பேர் ஒரே வகுப்புப் பிள்ளைகள். நாலாவதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள், விளையாட்டிலேயே பழக்கமானவள். கிருஷ்ணகிரியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் அவள் குரலைக் கேட்டிருக்கிறேன். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்துக்குத் தாவி, நடுவில் தெலுங்கில் ஒரு வார்த்தை போட்டுப் பேசுவாள், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் பேசுவது போலவே. மென்மையான குரல். என் மகள் தோற்றுப்போனால் மற்றவர்கள் கத்துவார்கள், இவள் மட்டும் பரவாயில்லை விடு என்பாள். சாப்பிட்டியா என்று கேட்பாள். நல்ல பிள்ளையாகத் தெரிகிறதே என்று நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்குவதற்கு நடுவில் அந்தக் குரல், அம்மாவுக்கு இந்த வாரம் என்ன ஷிஃப்ட் என்று கேட்டது. பி ஷிஃப்ட், அப்பா எப்பவும் போல ஜெனரல் என்று மகள் சொன்னாள். அப்படியா என்றது அந்தக் குரல். மறுபடி ஆட்டம் தொடங்கிவிட்டது. நான் கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தேன். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. தெருவில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காதில் விழுகிற கேள்வி, அதைக் கேட்டு யார் தலையை நிமிர்த்துவார்கள்?

கீரையை அலசிக்கொண்டிருக்கும்போதுதான் கை நின்றது. நம் தெருப் பிள்ளை கேட்டால் சரி, கதவைத் தட்டுவதற்காகக் கேட்கிறது. கிருஷ்ணகிரியில் இருக்கிற பிள்ளை எந்தக் கதவைத் தட்டப் போகிறது? அங்கே சட்னி அரைத்தால் இங்கே யார் தூக்கம் கெடும்? குழாயை மூடாமலே ஹாலுக்கு வந்தேன். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, இந்த அக்கா இதை எப்போதும் கேட்பாளா என்று கேட்டேன். ஆமாம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கேட்பாள் என்றாள் மகள். ஷிஃப்ட் மாறுகிற கிழமை அது. நீ அவளிடம் திருப்பிக் கேட்டாயா, அவள் வீட்டில் என்ன ஷிஃப்ட் என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்து, இல்லை என்றாள்.

"எதுக்குட்டி சொன்ன?" என்று கத்திவிட்டேன். என் கோபம் எங்கள் தெருவுக்கே தெரியும், மூக்கு நுனியிலேயே குடியிருக்கும். அவள் பயந்துபோய் என் முகத்தையே பார்த்தாள்.

"நீதானம்மா சொன்ன, யாரு கேட்டாலும் கரெக்டா சொல்லணும்னு."

போய்க் குழாயை மூடிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே ஒன்று சொன்னாள். போன வாரம் அந்த அக்காவின் மைக்கில் திடீரென்று ஒரு பெரிய ஆள் குரல் வந்ததாம். ஒரே ஒரு வாக்கியம். உடனே இணைப்பு போய்விட்டது. திரும்பி வந்தபோது, அது எங்கண்ணன், ஃபோனைப் பிடுங்கிவிட்டான் என்று அந்தக் குரல் சொன்னதாம். அந்த ஆள் என்ன சொன்னான் என்று கேட்டேன். செங்கல்லை எடுத்து வை என்றான், அந்த அக்கா பாதியில் விட்ட வாக்கியத்தை அப்படியே முடித்தான், அதனால் அண்ணனும் விளையாடுவான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன் என்றாள். ஆரம்பித்த குரலும் முடித்த குரலும் ஒரே ஆளுடையதாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்காரர் அன்று கடைக்குப் போயிருந்தார். வந்ததும் சொன்னேன். அவர் சாதாரணமாக எதற்கும் அலட்டிக்கொள்கிற ஆள் இல்லை, வீடு தீப்பிடித்தால்கூடச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். அன்றைக்குப் பையை வைத்த கையோடு ஃபோனை வாங்கி விளையாட்டை அழித்துவிட்டார். மகள் அழுதாள். அண்ணனாகவும் இருக்கலாம் இல்லையா என்று அழுகைக்கு நடுவே கேட்டாள். இருக்கலாம். அதுதான் என்னைப் போட்டு அரித்தது. நிஜமாகவே கிருஷ்ணகிரியில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இருக்கலாம். அதற்கும் ஓர் அண்ணன் இருக்கலாம். அதன் அம்மாவும் கம்பெனிக்குப் போகிறவளாக இருந்து, வாய்ப் பழக்கத்தில் அது ஷிஃப்ட் கேட்டிருக்கலாம். எது உண்மை என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியே இல்லை. இன்றைக்கும் தெரியாது.

விளையாட்டை அழித்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தோம். பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. பேச்செல்லாம் முந்தின நாள் ஆட்டத்தைப் பற்றித்தான், இவளுக்கு வாயைத் திறக்க ஒன்றுமில்லை. மதியச் சாப்பாடு டப்பா அப்படியே திரும்பி வந்தது. என்னடா இது, பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று பட்டினி போடுகிறோமே என்று ஆகிவிட்டது. மறுபடி ஏற்றிக்கொடுத்து, நானும் அவரும் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிப் பார்த்தோம். எல்லாம் இங்கிலீஷ். நண்பர்கள் மட்டும் பேசலாம் என்று ஓர் இடம் இருந்தது. அதை அழுத்தியதும் அவருக்கு நிம்மதி. அந்தக் கிருஷ்ணகிரிக் குரலும் நண்பர்களில் ஒன்றுதானே என்று நான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தக் குரலைத் தடை செய்தோம். புகார் செய்கிற இடத்தில், என்ன நடந்தது என்று தேர்ந்தெடுக்கச் சொன்னது. கெட்ட வார்த்தை, மிரட்டல், ஏமாற்றி ஜெயித்தல் என்று வரிசையாக இருந்தன. அம்மாவுக்கு என்ன ஷிஃப்ட் என்று கேட்டது என்பதற்கு அதில் இடமில்லை. கடைசியில் 'மற்றவை' என்பதைத் தட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். அடுத்த நிமிஷமே நன்றி என்று பதில் வந்தது. அவ்வளவு சீக்கிரம் எந்த மனுஷரும் படித்திருக்க முடியாது. அதோடு சரி. சில நாள் கழித்து வேறு பெயரில் ஒருவர் அணியில் சேரலாமா என்று கேட்டார். அந்த ஆள்தானா, வேறு ஆளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மகள் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வகுப்புப் பிள்ளைகளோடு மட்டும், மைக்கை அணைத்துவிட்டு விளையாடினாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பெண் போலீஸ் ஒருவர் உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். குறை சொல்ல முடியாது. அந்தக் குரல் தப்பாக ஏதாவது பேசினதா என்றார். இல்லை. படம் கேட்டதா? இல்லை. பார்க்க வரச் சொன்னதா? இல்லை. வேறு என்னதான் கேட்டது என்றார். என்ன ஷிஃப்ட் என்று கேட்டது என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே அது அற்பமாகக் கேட்டது. கேட்டது யாரென்று தெரியாது, கேட்டதில் தப்பும் இல்லை, இதை வைத்து என்ன செய்ய முடியும் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மறுபடி ஏதாவது நடந்தால் உடனே வாருங்கள் என்றார். நடந்த பிறகு வருவதற்கா இவ்வளவும் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

எழுந்தபோது அவர் குரலைத் தாழ்த்தினார். "எம்பொண்ணும் இதத்தாங்க வெளையாடுது. நாங்களும் டியூட்டிக்கு வந்துட்டா வீட்ல யாரும் இல்ல. அந்த நண்பர்கள் மட்டும்னு எங்க போய் மாத்தறது, கொஞ்சம் காமிங்க." தன் ஃபோனை நீட்டினார். நான் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போய் டியூஷன் எடுத்துவிட்டு வந்திருக்கிறாய் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்காரர் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் மயிரிழையில் தப்பியது என்றால், அடிபட்ட மாதிரியே கூட்டம் போட்டுப் பேசுவார்கள், மெஷினுக்கு ஒரு தடுப்பு மாட்டிவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவார்கள். நாங்களும் அப்படி உட்கார்ந்து பேசினோம். எந்த மெஷினுக்கு, எங்கே தடுப்பு மாட்டுவது என்றுதான் தெரியவில்லை. நான் வேலையை விடட்டுமா என்றேன். விட்டால் ஊரில் கட்டுகிற வீட்டுக்கு வாங்கின கடனை யார் கட்டுவது என்று அவர் கேட்கவில்லை. இருவரும் அதைத்தான் நினைத்தோம். ஷிஃப்ட் மாற்றித் தரும்படி சூப்பர்வைசரிடம் கேட்டேன். உங்களுக்கு மாற்றினால் லைனில் இருக்கிற எல்லா அம்மாவுக்கும் மாற்ற வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான். என் லைனில் இருக்கிறவர்கள் எல்லோரும் அம்மாக்கள்.

கடைசியில் மாற்ற முடிந்தது பிள்ளையை மட்டும்தான். யார் கேட்டாலும், கதவில் கேட்டாலும் ஃபோனில் கேட்டாலும், ஒரே பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கினோம். "அம்மா உள்ள தூங்கறாங்க." அவ்வளவுதான். ஷிஃப்ட் எதுவென்று சொல்லக் கூடாது. தெரியாத நம்பரில் வருகிறவர்களிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வீட்டுக்காரர் எங்கிருந்தோ குரல் மாற்றும் செயலி ஒன்றைத் தேடிப் பிடித்து ஏற்றினார். அவர் அதில் பேசினால் பத்து வயசுப் பிள்ளை பேசுவது மாதிரி வந்தது. மீசை வைத்த மனுஷரிடமிருந்து அந்தக் குரல் வந்ததும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மெல்லச் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நாளைக்கு அம்மா கொரல்லயே யாராச்சும் பேசலாம் பாப்பா. கொரல மட்டும் நம்பிராத" என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம், நம்பாதே என்றேன்.

அவள் படு கெட்டிக்காரி, இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். சிலிண்டர் போடுகிறவருக்கு அந்தப் பதில், கேபிள்காரருக்கு அந்தப் பதில். விளையாடக் கூப்பிட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை வழக்கப்படி, உங்கம்மா என்ன ஷிஃப்ட் என்று கேட்டதற்கும் அதே பதில். அது அப்படியே படி இறங்கிப் போய்விட்டது. ஒரு நாள் வீட்டுக்காரம்மா என்னை நிறுத்தி, ஏம்மா, எப்ப வந்தாலும் தூங்கறியாமே, உடம்புக்கு எதனா ஆச்சா என்று கேட்டார். தெருவில் என் பெயர் தூங்குமூஞ்சி என்று ஆகிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். முன்பெல்லாம் வாசலிலேயே நின்று எல்லாரோடும் வாயடிக்கிற மகள், இப்போது சங்கிலியைப் போட்டுக்கொண்டு கதவிடுக்கு வழியாகப் பேசினாள். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கியது. ஒரு பி ஷிஃப்ட் நாள், சாயங்காலம் இடியும் மின்னலுமாகக் கொட்டியது. எங்கள் கம்பெனிக் கட்டடத்துக்கு ஜன்னல் கிடையாது, ஆனாலும் இடிச் சத்தம் கூரையைத் தாண்டி வந்தது. கரண்ட் போய் லைன் நின்றது. ஹைவேயில் தண்ணீர் தேங்கி, சூளகிரிப் பக்கமிருந்து வருகிற கம்பெனி பஸ்ஸெல்லாம் நகராமல் நிற்கின்றன என்று மெயின்டனன்ஸ்காரர் சொன்னார். அப்படியென்றால் வீட்டுக்காரர் வர வெகுநேரம் ஆகும். மகளுக்கு இடி என்றால் சின்ன வயசிலிருந்தே பயம், போர்வைக்குள் போய்விடுவாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சூப்பர்வைசர் தன் மேசையில் இருந்த ஃபோனைக் காட்டி, சீக்கிரம் பேசிவிட்டு வாருங்கள் என்றார். அவரும் பிள்ளை பெற்றவர்தான்.

வீட்டுக்காரர் நம்பரைப் போட்டேன், போகவில்லை. வீட்டுக்காரம்மா நம்பர் மனப்பாடம் இல்லை, லாக்கரில் கிடக்கிற ஃபோனில்தான் இருக்கிறது. மகளிடம் இருக்கிற ஃபோனுக்குப் போட்டேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"பாப்பா, அம்மா பேசறேன்" என்றேன்.

பின்னால் மழை கொட்டுவது கேட்டது.

"அம்மா உள்ள தூங்கறாங்க" என்றாள்.

நான்தான் பாப்பா, கம்பெனியிலிருந்து பேசுகிறேன், இது சூப்பர்வைசர் ஃபோன், அப்பா வர லேட்டாகும், இடி இடிக்கிறது இல்லையா, நீ கீழே வீட்டுக்காரம்மாவிடம் போய் இரு என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவசரத்தில் என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அவள் மூச்சு விடுகிற சத்தம் வேகமாகக் கேட்டது. பயந்திருக்கிறாள் என்று தெரிந்தது. இடிக்கு இல்லை, எனக்குப் பயந்திருக்கிறாள். அம்மா உள்ள தூங்கறாங்க என்று மறுபடியும், நாங்கள் பழக்கின அதே ராகத்தில் சொன்னாள். அப்புறம் வைத்துவிட்டாள். திரும்பப் போட்டேன். ஃபோனை அணைத்திருந்தாள்.

சூப்பர்வைசர் என்ன ஆயிற்று என்று கண்ணால் கேட்டார். ஒன்றுமில்லை சார், நன்றாக இருக்கிறாள் என்றேன். கரண்ட் வந்தது, லைன் ஓட ஆரம்பித்தது. என் கைக்குத் தெரிந்த வேலை, அது பாட்டுக்கு நடந்தது. நான் மட்டும் அங்கே இல்லை. அவள் சங்கிலியைப் போட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது அப்படித்தான் இருந்திருக்கிறாள். கதவுக்கு வெளியே நின்று அவர் கூப்பிட்டும் உடனே திறக்கவில்லையாம். இடுக்கு வழியாக முகத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாளாம். நான் வந்தபோது தூங்கிவிட்டிருந்தாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். என் முழங்காலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, முகத்தைப் பார்க்காமலே ஆரம்பித்தாள்.

"அம்மா, நேத்து ஒருத்தங்க ஃபோன் பண்ணி அச்சு அசலா உன் கொரல்லயே பேசுனாங்க. பாப்பான்னு கூட சொன்னாங்க. நான் ஏமாறவே இல்ல."

குரலில் அவ்வளவு பெருமை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கி வந்தால்தான் அப்படிச் சொல்வாள். அது நான்தான் என்று சொன்னால் இத்தனை நாள் பழக்கியது பாழ். சொல்லாமல் விட்டால், எங்கேயோ ஓர் ஆள் என் குரலை வைத்துக்கொண்டு திரிகிறான் என்று நினைத்துக்கொண்டே இந்தப் பிள்ளை ஒவ்வொரு சாயங்காலமும் தனியாக உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம்தான். சுவரோரம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தேடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது நான்தான் பாப்பா" என்றேன்.

அவள் திரும்பினாள். பாதி பின்னின சடை என் கையிலிருந்து நழுவியது. என் முகத்தை நம்பாமல் பார்த்தாள். இடி இடிக்கிறது, கீழே போய் இரு என்று சொன்னேனே என்றேன். அவள் முகத்திலிருந்த பெருமையெல்லாம் வடிந்துபோனது. தெரியாமல் வைத்துவிட்டேன் என்று கண் கலங்கினாள். நீ செய்ததுதான் சரி, கொஞ்சங்கூடத் தப்பில்லை என்று அவளைக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இனிமேல் நம் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளலாம், அதைச் சொன்னால் அம்மா என்று தெரிந்துகொள் என்றார். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அத அம்மா ஃபோன்ல சொல்றப்ப யாராச்சும் கேட்டு வெச்சுகிட்டா? அப்பறம் அவங்களும் சொல்வாங்களே. அப்ப நீதான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

திரும்பி உட்காரச் சொல்லி, மிச்சச் சடையைப் பின்னி ரிப்பன் கட்டினேன். கீழே ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. அவள் பையை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனாள். அன்றைக்கும் எனக்கு பி ஷிஃப்ட்தான்.